வேட்டிக்கு மேல் ரைடிங் சூட்

முதலாவது, மழைக்கோட்டு. தேயிலை ஆலையின் கீழ்க் கிளையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஆளுக்கொரு மழைக்கோட்டு தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்தது. மழைக்காலம் வந்தது. மூட்டைகளுக்குத் தார்ப்பாய் வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது, அதைக் கேட்ட நஞ்சுண்டனுக்கு மெமோ.

மூன்றாவது, விசாரணை. விசாரித்தவரும் குற்றம் சாட்டியவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள், ஒரே காரில் ஏறிப் போனார்கள்.

நான்காவது, வேலைநீக்கம். அதையும் ஒருவரும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காலையில் வாசலில் பெயர் வாசிக்கும்போது அவர் பெயருக்கு முந்தின பெயரை வாசித்தார்கள், பிந்தின பெயரை வாசித்தார்கள். வெள்ளை வேட்டியோடு வரிசையில் நின்ற மனிதனை வாட்ச்மேன் வந்து முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

ஐந்தாவது, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி கோர்ட்டு சொன்னபோது மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். தொழிலாளிக்கு வயதாகும், கம்பெனிக்கு ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆறாவது, அங்கேயும் தோற்ற பிறகு வேலையைக் கொடுத்தார்கள். கீழ் ஆலையில் அல்ல. குன்னூருக்கும் மேலே, மேகம் வந்து படுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிற மேல் ஆலையில்.

ஏழாவது, குடியிருக்க வீடு காலி இல்லை என்றார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னார்கள்.

எட்டாவது, உத்தரவின் கடைசி வரி. ஐப்பசி முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிச் சங்கு ஊதிப் பெயர் வாசிக்கும்போது வரிசையில் இல்லாவிட்டால், வேலை வேண்டாம் என்று அவரே சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும்.

இந்த எட்டையும் நஞ்சுண்டன் ஒருநாளும் வரிசை மாற்றிச் சொன்னதில்லை. நடுவில் யாராவது குறுக்கே பேசினால் மறுபடி மழைக்கோட்டிலிருந்து ஆரம்பிப்பார். டீக்கடையில் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். வீட்டில் ஆரம்பித்தால் அவர் மனைவி பாப்பாத்தி ஐந்தாவதில் அடுப்படிக்குப் போய்விட்டு ஏழாவதில் திரும்பி வருவாள். ஒன்றும் விட்டுப்போயிருக்காது.

அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. பள்ளிக்கூடம் அதிகம் பார்த்ததில்லை. துண்டறிக்கைகளைப் படித்துப் படிக்கக் கற்றவர், துண்டறிக்கை எழுதி எழுதப் பழகியவர். இருந்தது மேட்டுப்பாளையத்தில். அங்கிருந்து பஸ் ஏறினால் குன்னூர் வரைதான் போகலாம். அதற்கு மேல் தேயிலைக் காட்டுப் பாதையில் போகிற மினி பஸ் மேல் ஆலைக்குச் சேரும்போது சங்கு ஊதி ஓய்ந்திருக்கும். கம்பெனி வேனில் அவரை ஏற்றக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. ஆகவே பழைய தோழர்கள் கூடி ஒரு பழைய பைக்கை வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, நஞ்சுண்டனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வாழ்நாள் பூராவும் ஊர்வலத்தில் நடந்தவர்.

இப்படித்தான் அவர் மரகதத்திடம் சீடரானார்.

மரகதம் கிராம சுகாதார நர்ஸ். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். மேல் ஆலையைத் தாண்டி இருக்கிற துணை நிலையத்துக்கு வெகுகாலமாக தினமும் பைக்கில் போய் வருகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கு மண்டிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஊரே அவளை டீச்சர் என்றது. நஞ்சுண்டனும் டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். அந்தப் பெண்களுக்கு நடுவில் ஒரே மீசை அவருடையதுதான். கீழே விழுந்தால் எல்லோரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள், எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கூட்டத்துக்குள் நின்றிருந்தார், அது போதுமாயிருந்தது.

வண்டி கைக்கு வந்தபின் ஒருநாள் அவர் தன் கேள்வியைக் கேட்டார்.

"டீச்சர், கீழ கல்லாறுல புழுக்கம். பர்லியாறுல மழை. காட்டேரிக்கு மேல பனி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு துணி இருக்குது. எல்லாத்துக்கும் ஒண்ணா, ஒரே உடுப்பு எதுங்க?"

அவர் வெறுங்கையோடு கேட்கவில்லை. கடைகளில் கிடைத்த விளம்பரத் தாள்களையெல்லாம் சேர்த்துப் பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக இருக்கும் ரைடிங் சூட் என்று ஒன்று உண்டு, போட்டிருக்கும் துணிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம் என்பதுவரை அவருக்கே தெரிந்திருந்தது. எதை வாங்குவது என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு தாளும் தேர்தல் அறிக்கை மாதிரி எல்லாவற்றையும் தருவதாகச் சொன்னது.

மரகதம் தாள்களைப் பார்க்கவில்லை.

"அந்த வாசல்ல வரிசை எப்படி நிப்பாங்கண்ணா?"

அவர் சொன்னார். மேல் ஆலையிலும் கீழ் ஆலையிலும் ஒரே வழக்கம். ஒருவன் பெயரில் இன்னொருவன் நின்றுவிடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்து மேனேஜர் யாரோ ஏற்படுத்தியது. குல்லா, ஹெல்மெட், மழைக்கோட்டு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. முகமும் உடம்பும் தெரிய நிற்க வேண்டும். பெயர் வாசித்ததும் அந்த ஆள் பதில் சொல்லக் கூடாது. அவனுக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் அந்தப் பக்கம் நிற்பவரும் "கண்டோம்" என்று சொல்ல வேண்டும்.

"நம்ம பேருக்கு நாமளே பதில் சொல்ல முடியாதுங்களா?"

"முடியாதுங்க. நான் இருக்கறேன்னு நான் சொன்னா செல்லாது."

மரகதம் அவர் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என்ன உடுத்துவீங்க?"

"வேட்டி. எந்த வேட்டியோட வெளிய அனுப்பினாங்களோ அதே மாதிரி வெள்ள வேட்டி. காக்கி உள்ள போனப்புறம் தருவாங்க, அப்ப மாட்டிக்கறேன். வாசல்ல வேட்டிதான். அப்புறம் டீச்சர், உள்ள கால் வெக்கறதுக்கு முந்தி எட்டையும் சொல்லிட்டுத்தான் வெப்பேன். எல்லார் காதுலயும் விழற மாதிரி."

"சொல்லுங்க. நாளைக்கு என் பின்னாடி உக்காருங்க. உங்ககிட்ட இருக்கற துணியெல்லாம் எடுத்துக்கங்க."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். நஞ்சுண்டன் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் சால்வை போர்த்தி, மழைக்கோட்டை ஒரு பையில் மடக்கி வைத்திருந்தார். வண்டி நகர்ந்ததும் மழைக்கோட்டிலிருந்து ஆரம்பித்தார். "மொத அநியாயத்தச் சொல்றேன்," என்றார்.

கல்லாறு தாண்டவில்லை, நான்காவதில் நிறுத்தினார்.

"டீச்சர், நிறுத்துங்க. வேர்த்து ஊத்துது."

நிறுத்தினாள். சால்வையையும் ஸ்வெட்டரையும் கழற்றி மடித்தார். மறுபடி முதலாவதிலிருந்து.

பர்லியாறில் தூறல் பிடித்தது.

"நிறுத்துங்க."

நிறுத்தினாள். மழைக்கோட்டை எடுத்துப் போட்டார். அதில் மேல்பாதிதான் இருந்தது, கீழ்ப்பாதி இல்லை. தொடைக்கு மேல் ஓடிவந்த தண்ணீர் வேட்டி மடிப்பில் குளம் கட்டியது. காட்டேரிக்கு மேலே பனி இறங்கியபோது பல் அடித்துக்கொண்டது.

"நிறுத்துங்க. ஸ்வெட்டர் போடணும்."

"மழைக்கோட்டக் கழட்டித்தான் போடணும்."

"ஆமாங்க."

"மழை பெய்யுதுங்ண்ணா."

"ஆமாங்க."

கழற்றினார். ஸ்வெட்டர் நனைந்தது. நனைந்த ஸ்வெட்டருக்கு மேல் நனைந்த மழைக்கோட்டைப் போட்டார். மேல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டு நிற்க, நஞ்சுண்டன் அந்தக் கதவை வெகுநேரம் பார்த்தார். எட்டில் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை.

"இன்னைக்கு அந்தத் திங்கக்கெழம இல்ல," என்றாள் மரகதம். "வாங்கண்ணா, டீ குடிக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் யூசுப் பாய் வாய் ஓயாதவர். மீசையையும் வேட்டியையும் பார்த்துவிட்டு, "ஐயா கல்யாணத்துக்கா, பந்தயத்துக்கா?" என்றார்.

"வேலைக்கு," என்றார் நஞ்சுண்டன்.

பாய் இரண்டு சூட்டை எடுத்துப் போட்டார். ஒன்று கறுப்பு. உள்ளே கனத்த மெத்தை, தோளிலும் முழங்கையிலும் முட்டியிலும் கெட்டிக் கவசம். இன்னொன்று சாம்பல் நிறம். மெல்லிசு. கழுத்தில் ஆரம்பித்து ஒரு கணுக்கால் வரைக்கும் நீண்ட ஜிப். அக்குளிலும் முதுகிலும் காற்றுக்காகத் திறந்து மூடுகிற வாய்கள். மாட்டியிருந்த ஹேங்கரிலேயே அது தோற்றுப்போன ஆள் மாதிரி தொங்கியது.

நஞ்சுண்டன் கறுப்பை எடுத்தார். வேட்டியைச் சுருட்டி எப்படியோ உள்ளே திணித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். நிமிர்ந்து நின்றார். தோள் இரண்டு மடங்காகியிருந்தது.

"டீச்சர், பாருங்க. இதப் போட்டுட்டு நின்னா லத்தி அடி தெரியாது."

"தெரியாதுங்க."

"இத முப்பது வருஷத்துக்கு முந்தியே எவனாவது கண்டுபிடிச்சிருக்கணும்."

பாய் சிரித்தார். "ஐயா, உங்களுக்காகவே தைச்ச மாதிரி இருக்குது."

"உக்காருங்கண்ணா," என்றாள் மரகதம்.

கடையில் பார்ப்பதற்கென்று நிறுத்தியிருந்த பைக்கில் அவர் உட்கார்ந்தார். கழுத்துப் பட்டை தாடையில் முட்டியது. முட்டிக் கவசம் முட்டிக்குக் கீழே இறங்கியது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"அத மாட்டிப் பாருங்க," என்று சாம்பலைக் காட்டினாள்.

"அது நின்னா தொளதொளன்னு இருக்குமுங்க. பின்னாடி பை மாதிரி தொங்கும்."

"நின்னுட்டா போகப்போறீங்க?"

மாட்டினார். நின்றபோது சொன்னபடியே தொங்கியது. உட்கார்ந்ததும் அந்தத் தொங்கல் முதுகோடு போய்ப் படிந்துகொண்டது. கை நீட்டினால் மணிக்கட்டு வரைக்கும் வந்தது. அதையும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. இறங்கி, மறுபடி கறுப்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், எட்டு அநியாயம் பண்ணியிருக்கறாங்க. இந்தத் தொளதொளப்பப் போட்டுட்டா நான் அந்த வாசலுக்குப் போறது? கறுப்பப் போட்டுட்டுப் போனா அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும்."

"கறுப்பு அடிக்கு நல்லதுங்ண்ணா. உங்க மேல விழப்போறது மழைதான்."

அவர் கறுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி, அதையே மறுபடி மாட்டுங்க," என்றாள் அவள். "மாட்டிட்டுக் கழட்டுங்க. அவ்வளவுதான். கழட்டினதும் முடிவு பண்ணலாம்."

கறுப்பை மாட்டினார். ஜிப்பை இறக்கினார். தோளை உருவுவதற்குள் ஒரு கை உள்ளேயே சிக்கியது. மறு கையால் யூசுப் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். ஒரு கால் வந்தது. இன்னொரு காலை உதறியபோது உடுப்போடு சேர்ந்து வேட்டியும் வந்துவிட்டது. கடை நடுவில் அரை டிரவுசரோடு நின்றார். பாய் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார். மரகதம் வேட்டியை எடுத்து நீட்டினாள்; சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சுண்டன் வேட்டியைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "போடறதுதானே டீச்சர் முக்கியம். கழட்டறதுல என்ன இருக்குது?"

"போடறப்ப வீட்டுல இருப்பீங்க. கழட்டறப்ப எங்க இருப்பீங்க?"

அவர் கறுப்பை மடித்துப் பாயிடம் நீட்டினார்.

"சாம்பலக் கட்டுங்க பாய்," என்றார்.

அதன் பிறகு மண்டி மைதானத்தில் அவருக்கு வண்டிப் பாடம் நின்றது. கழற்றும் பாடம் ஆரம்பித்தது. மரகதம் முதலில் தன் சூட்டை மாட்டிக் காட்டினாள். நர்ஸ் சேலையோடுதான் அவள் அதைப் போடுவாள். கொசுவத்தை முட்டிக்கு மேல் தூக்கி இரண்டு பக்கமும் இடுப்பில் செருகி, அதன்மேல் உடுப்பை ஏற்றுவாள். கழற்றும்போது தோளை முதலில் விடுவாள், பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஒரே இழுப்பு. உடுப்பு இடுப்புக்கு வந்ததும் செருகிய கொசுவத்தை எடுத்துவிடுவாள். சேலை தானாக இறங்கும், உடுப்பு அதன் அடியில் நழுவும். கால் மாற்றி இரண்டு எட்டு. யாரையும் பிடிக்க வேண்டியதில்லை.

"நீங்களும் அப்படித்தான். வேட்டிய மடிச்சுக் கட்டறது உங்களுக்குப் புதுசு இல்லியே."

"டைம் எப்படிப் பாக்கறதுங்க?"

"எட்டையும் சொல்லிட்டே கழட்டுங்க. எத்தனாவதுல முடியுதுன்னு பாக்கலாம்."

முதல் நாள் எட்டும் முடிந்தும் உடுப்பு முழங்காலில் கிடந்தது. அங்கே வண்டி பழக வந்த பெண்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள்.

"அண்ணா, ஒன்பதாவது ஒரு அநியாயம் சேத்துக்கங்க, டைம் பத்தல," என்றாள் ஒருத்தி.

"ஒன்பதாவது நீதான்," என்றார்.

அடுத்த முறை ஏழாவதில் முடிந்தது. அப்புறம் ஐந்தாவதில். கோர்ட்டு வாய்தாவில் அவர் கொஞ்சம் இழுப்பார், அதை இழுக்காமல் சொல்லச் சொன்னாள். வீட்டில் பாப்பாத்தி அவர் முற்றத்தில் உடுப்பை மாட்டுவதும் உருவுவதுமாக இருப்பதைப் பார்த்து, "டீச்சரு உங்கள எதுக்குத்தான் தயார் பண்றாங்க?" என்றாள். "வாசலுக்கு," என்றார் அவர்.

ஒரு சாயங்காலம் உடுப்பு கழன்று கீழே விழுந்தது. வேட்டி கணுக்கால்வரை இறங்கி நின்றது. பெண்கள் கைதட்டினார்கள்.

"எத்தனாவதுண்ணா?" என்று கேட்டாள் மரகதம்.

நஞ்சுண்டன் யோசித்தார்.

"சொல்ல மறந்துட்டனுங்க."

"இன்னைக்குப் போதும்," என்றாள்.

திங்கட்கிழமை வந்தது.

பாப்பாத்தி வேட்டியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். மரகதம் முன்னால் போனாள், அவர் பின்னால். கல்லாறில் புழுக்கம், அக்குளில் இருந்த வாயைத் திறந்துவிட்டுக்கொண்டார், காற்று நுழைந்தது. பர்லியாறில் மழை கொட்டியது, வண்டி ஓடும்போதே மூடினார். தண்ணீர் நெஞ்சில் விழுந்து காலில் வழிந்து ஷூவைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. உள்ளே ஒரு துளி இல்லை. எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை.

காட்டேரிக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. வனத்துறை ஆட்கள் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கார், லாரி, பைக் எல்லாம் வரிசையாக நின்றன. ஒதுங்க இடமில்லை. மழை நிற்கவில்லை.

நஞ்சுண்டன் வண்டியிலிருந்து இறங்கினார். ஏறினார். மறுபடி இறங்கினார்.

"இதுவும் அவங்க வேலையா இருக்கும் டீச்சர்."

"மரம் சாஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"அவ்வளவு தெறமை இருந்தா உங்க கேசுல ஏங்ண்ணா தோத்தாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க. பசியோட நின்னா பேரு காதுல விழாது."

மழையில் நின்றபடியே இருவரும் பன் தின்றார்கள். முன்பெல்லாம் இந்நேரத்துக்கு அவர் லாரிக்காரர்களைத் திரட்டியிருப்பார். இப்போது வண்டியில் போய் உட்கார்ந்து, சூட்டுக்குள் கையை விட்டு வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அந்தத் தொடுதலுக்குப் பிறகு அசையவில்லை.

மரம் இரண்டாக விலகியதும் முதலில் பைக்குகளை விட்டார்கள்.

கடைசி வளைவு திரும்பும்போது சங்கு ஊதிற்று. வாசலில் வரிசை நின்றிருந்தது. மேல் ஆலையில் பெரும்பாலும் பெண்கள். மழைத்துணிகளையெல்லாம் கதவுக்கு வெளியே கம்பியில் போட்டுவிட்டுக் கூரை அடியில் நின்றார்கள். சூப்பர்வைசர் நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு பெயர், இரண்டு பக்கமும் "கண்டோம்." ஒரு பெயர், "கண்டோம்."

நஞ்சுண்டன் கதவுக்கு வெளியே நீண்டிருந்த கூரைக்கடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிட்டு இறங்கினார். வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"இந்த உடுப்போட உள்ள வரக் கூடாது."

"தெரியும் தம்பி. இந்தச் சட்டம் உனக்கு முந்தியே எனக்குத் தெரியும்."

ஜிப்பை இறக்கினார். தோளை விட்டார். இரண்டு கையும் பின்னால் போயின, ஒரு இழுப்பு. மடிப்பை அவிழ்த்தார். வேட்டி இறங்கியது, உடுப்பு நழுவியது. கால் மாற்றி இரண்டு எட்டு. மேல் ஆலைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு நடுவில், புகை மாதிரி வந்த பனிக்கு நடுவில், ஒரு மனிதன் காய்ந்த வெள்ளை வேட்டியோடு நின்றான்.

இப்போது எட்டையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் இந்த இடத்துக்காகத்தான் அதை வரிசை தப்பாமல் வைத்திருந்தார். வாயைத் திறந்தார்.

"முதலாவது..."

உள்ளே ஒரு பெயர் வாசிக்கப்பட்டது. "கண்டோம்." இன்னொரு பெயர். "கண்டோம்."

கையில் உடுப்பு ஈரத்தோடு கனத்தது. கம்பியில் இடமில்லை. தரையில் போட்டால் சேறு. உள்ளே கொண்டுபோக முடியாது. அவர் திரும்பினார். மரகதம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வேலைக்கு நேரமாகியிருந்தது.

"டீச்சர், இத எங்கீங்க வெக்கறது?"

"வண்டி மேலயே கெடக்கட்டுமுங்ண்ணா. சாயங்காலம் எறங்கறப்பவும் மழை இருக்கும்."

நஞ்சுண்டன் அவளைப் பார்த்தார். உடுப்பைப் பார்த்தார். அதை இரண்டாக மடித்து சீட்டின் மேல் போட்டு, காற்றில் பறக்காதபடி அதன் ஒரு கையை ஹேண்டிலில் சுற்றிவிட்டார். பிறகு கதவைத் தாண்டி உள்ளே போனார்.

வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலேயே ஆளுக்கொரு எட்டு விலகி இடம் விட்டார்கள். அவர் நடுவில் நின்றார்.

சூப்பர்வைசர் வாசித்துக்கொண்டே போனார். கடைசிப் பெயர் வந்தது. "கண்டோம்." நோட்டை மூடினார்.

யாரும் நகரவில்லை.

"போங்க, போங்க. மெஷின் ஓடுது."

யாரும் நகரவில்லை. நஞ்சுண்டனுக்கு வலப்பக்கம் நின்ற நரைத்தலைப் பெண், தேயிலைக் கறை ஏறிய கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எங்க வரிசையில ஒரு ஆளு பாக்கி இருக்குதுங்க."

சூப்பர்வைசர் கதவுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஒரு நர்ஸ், இன்ஜினை நிறுத்தாமல், போகாமல் இருந்தாள். நோட்டை மறுபடி திறந்தார். உள்ளே செருகியிருந்த தாளை எடுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் முணுமுணுத்தார்.

"காதுல விழலீங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

"எங்களுக்கும் விழல," என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

நஞ்சுண்டன் வாயைத் திறக்கவில்லை. அவர் பதில் சொல்லக் கூடாது. இரண்டு பக்கமும் அந்தப் பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இயந்திரச் சத்தத்துக்கு மேலே, வாசல் முழுவதும் கேட்கும்படி வாசித்தார்:

"காளியப்பன் மகன் நஞ்சுண்டன்."